விநியோகஸ்தரை விலக்கிய பிறகு: ஹார்லெக்வின் காதல் நாவல் பதிப்பகம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நம்மூர் வாடகை நூலகங்களில் ஒரு தலைமுறையே புரட்டிய மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்களை லண்டன் சரக்கு என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். 1971 முதல் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு கனடா நிறுவனம். ஹார்லெக்வின் என்பது அதன் பெயர். அந்த நிறுவனம் தன் அமெரிக்க விநியோகஸ்தரை விலக்கியதையும், அந்த விநியோகஸ்தரே போட்டிப் பதிப்பகம் தொடங்கியதையும், 1984இல் அந்தப் போட்டியாளரையே விலை கொடுத்து வாங்க நேர்ந்ததையும் இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. நிறுவனங்களைப் பெயர் சொல்லியும், ஆட்களை அவர்கள் வகித்த பொறுப்பைச் சொல்லியும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மில்ஸ் அண்ட் பூன் 1908இல் லண்டனில் தொடங்கியது. மெத்யூன் பதிப்பகத்தில் வேலை பார்த்த இருவர் வெளியே வந்து ஆரம்பித்தது. முதலில் எல்லா வகை நூல்களும் போட்டார்கள். ஜாக் லண்டனின் நூல்கள்கூட அவர்கள் பட்டியலில் இருந்தன. 1930களில் காதல் நாவலுக்கு முழுமையாகத் திரும்பினார்கள். அப்போது வாங்கிப் படிப்பவர்கள் குறைவு, வாடகைக்கு எடுப்பவர்கள் அதிகம். பூட்ஸ் மருந்துக்கடைகளிலும் டபிள்யூ.எச்.ஸ்மித் கடைகளிலும் வாடகை நூலகங்கள் இருந்தன. அவற்றுக்காகவே கெட்டி அட்டை போட்டு அச்சடித்தார்கள். 1961இல் ஸ்மித் நூலகமும் 1966இல் பூட்ஸ் நூலகமும் மூடப்பட்டன. சரக்கு இருக்கிறது, அது போய்ச் சேரும் வழிதான் அடைபட்டது.

ஹார்லெக்வின் 1949இல் கனடாவின் வினிபெக் நகரில் ஓர் அச்சகத்தின் துணைத் தொழிலாகப் பிறந்தது. துப்பறியும் கதை, மேற்கத்தியச் சாகசக் கதை, சமையல் புத்தகம் என்று கிடைத்ததையெல்லாம் மலிவுப் பதிப்பாக மறு அச்சுப் போட்டது. தொடக்க ஆண்டுகளில் லாபமில்லை. நிறுவனரின் மனைவிதான் பிழை திருத்துவதும் கதை தேர்வதுமாக இருந்தார். மில்ஸ் அண்ட் பூனின் மருத்துவமனைக் காதல் கதைகள் அவருக்குப் பிடித்துப்போயின. 1957இல் அவற்றில் ஒன்றை மறு அச்சுப் போட்டார்கள், விற்றது. 1964 வாக்கில் வேறு எதையும் போடுவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

லண்டனுக்கும் வினிபெக்கிற்கும் இடையிலான ஏற்பாடு எழுத்தில் இல்லை. நிறுவனர் ஆண்டுக்கு ஒருமுறை லண்டன் போவார், ரிட்ஸ் ஹோட்டலில் மில்ஸ் அண்ட் பூன் ஆசிரியரோடு மதிய உணவு சாப்பிடுவார், கை குலுக்குவார். ஒப்பந்தம் இன்னோர் ஆண்டுக்கு நீளும். இன்றைய வழக்கறிஞர் யாரும் இதை ஒப்பந்தம் என்றே ஏற்கமாட்டார். ஆனால் ஆண்டுதோறும் இப்படித்தான் நடந்தது.

இந்தக் காலத்தின் இன்னொரு சம்பவம் இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியம். கதை தேர்வு நிறுவனரின் மனைவியிடமும் மகளிடமும் இருந்தது. கதையில் கண்ணியம் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். லண்டனிலிருந்து வரும் நாவல்களில் கொஞ்சம் சூடானவற்றை ஒதுக்கிவிடுவார்கள். தான் விற்கும் காதல் நாவலை அதுவரை படித்தே பார்க்காத நிறுவனர், ஒருநாள் ஒன்றை எடுத்துப் படித்தார். எடுத்தது ஒதுக்கப்படும் வகையைச் சேர்ந்தது. அவருக்குப் பிடித்திருந்தது. உடனே மனைவியோடு வாதாடப் போகவில்லை. அந்த நாவலையும் அடக்கமான வேறொரு நாவலையும் சந்தையில் இறக்கி எது விற்கிறது என்று பார்க்கச் சொன்னார். சூடான கதைதான் கூடுதலாக விற்றது.

வீட்டு ருசியை வாசகர் ருசி என்று எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பார்த்த இந்தப் பழக்கம் பிற்பாடு எங்கே போனது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

அமெரிக்கச் சந்தைக்குள்

1968இல் நிறுவனர் இறந்தார். மகன் பொறுப்பேற்றார், அலுவலகம் டொராண்டோவுக்கு மாறியது. 1970இல் அமெரிக்க விநியோகத்துக்கு சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்தோடும் அதன் மலிவுப் பதிப்புப் பிரிவான பாக்கெட் புக்ஸோடும் ஒப்பந்தம் ஆனது. மறு ஆண்டு ஹார்லெக்வின் மில்ஸ் அண்ட் பூனையே வாங்கியது.

அதே 1971இல் புதிய தலைவர் வந்தார். பதிப்புத் துறைக்காரர் அல்லர். பிராக்டர் அண்ட் கேம்பிளில் சோப்பு விற்றவர். சோப்பு வாங்குகிற பெண்தான் நாவலும் வாங்குகிறாள் என்பது அவருடைய கணக்கு. அவள் புத்தகக்கடைக்குப் போவதில்லை, சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறாள். ஆகவே புத்தகம் அங்கே போக வேண்டும். சலவைத்தூள் பெட்டிக்குள் இலவச நாவல் வைத்தார்கள், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். தனித்தனி எழுத்தாளரை அல்ல, வரிசையை விற்றார்கள். மாதாமாதம் இத்தனை தலைப்பு, ஒரே அளவு, ஒரே விலை, அட்டையில் வரிசை எண். 1973இல் ஹார்லெக்வின் பிரசெண்ட்ஸ் என்ற வரிசையை, கொஞ்சம் கூடுதல் வேகமுள்ள மூன்று பிரித்தானிய எழுத்தாளர்களை மட்டும் வைத்துத் தொடங்கினார்கள். அஞ்சல்வழிச் சந்தாவும் நடந்தது. நம் மாத நாவல்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. ஆனால் இங்கே வாசகர் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்டார், அங்கே வரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

1975இல் கனடாவின் டோர்ஸ்டார் பத்திரிகைக் குழுமம் 52.5 விழுக்காடு பங்குகளை வாங்கியது. பணபலமும் வந்து சேர்ந்தது.

கண்ணில் பட்டிருக்க வேண்டியவை

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் அலுவலகத்துக்குள் தெரிந்தவைதான்.

வாசகர்களில் மிகப் பெரும் பகுதியினர் அமெரிக்கப் பெண்கள். கதைகளோ ஏறக்குறைய முழுவதும் லண்டனில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நாயகி இங்கிலாந்துப் பெண். நாயகன் கிரேக்கக் கப்பல் முதலாளி, அல்லது ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர். டெக்சாஸில் படிக்கும் பெண்ணுக்கு இது விருப்பமான கனவாகவும் இருக்கலாம், வேறு கிடைக்காததால் படிப்பதாகவும் இருக்கலாம். எது என்று விற்பனைக் கணக்கு மட்டும் சொல்லாது.

எழுபதுகளின் நடுவில் ஓர் அமெரிக்க எழுத்தாளரை ஹார்லெக்வின் சேர்த்துக்கொண்டது. கணவரோடு டிரெய்லர் வண்டியில் ஊர் ஊராகப் போய், ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு கதை என்று எழுதியவர். நாயகர்கள் மாட்டுப்பண்ணைக்காரர்கள், களமும் பேச்சும் அமெரிக்கா. நன்றாக விற்றது. நிறுவனம் விரும்பித் தேடாமலே கிடைத்த சோதனை முடிவு இது.

அந்த முடிவை அவர்கள் படித்த விதம்தான் வியப்பு. 1979 பிப்ரவரிப் பனிப்புயலில் இரண்டு சிறு பிள்ளைகளோடு வீட்டில் அடைந்து கிடந்த மேரிலாந்துப் பெண் ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் கதை எழுதத் தொடங்கினார். ஹார்லெக்வினுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. எங்களிடம் ஏற்கெனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார் என்பதே தமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவர் விற்றால் இன்னும் நால்வரைத் தேடுவது ஒரு முறை. ஒருவர் விற்கிறாரே, போதும் என்று கதவைச் சாத்துவது இன்னொரு முறை. இரண்டாவதைச் செய்தார்கள். அதே காலத்தில் இன்னும் பல அமெரிக்கக் கைப்பிரதிகளும் திரும்பிப் போயின.

அன்றைய ஆசிரியர் குழுவின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லண்டனிலிருந்து மாதந்தோறும் தரமான கதை வருகிறது, ஏற்கெனவே இங்கிலாந்தில் விற்றுத் தேறியது. புதியவரின் கைப்பிரதியைத் திருத்தி எடுக்க ஆளும் நேரமும் வேண்டும். விற்கிற சூத்திரத்தைக் கலைக்க எந்தப் பதிப்பாளரும் தயங்குவார். தயக்கம் நியாயமானதுதான். சிறிய அளவில்கூட இறக்கிப் பார்க்காமல் விட்டதற்கு மட்டும் நியாயம் தேட முடியவில்லை.

முடிவும் காரணமும்

எழுபதுகளின் பிற்பகுதியில், சைமன் அண்ட் ஷூஸ்டரோடு இருந்த விநியோக ஒப்பந்தத்தை ஹார்லெக்வின் முடித்துக்கொண்டது. அமெரிக்காவில் இனி தன் சொந்த விற்பனைப் படை.

தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். ஒவ்வொரு பிரதியிலும் விநியோகஸ்தருக்குப் போகும் பங்கு மிஞ்சும். எந்தக் கடையில் எத்தனை பிரதி, எந்த அலமாரியில் எந்த உயரம் என்பதெல்லாம் நேரடிக் கட்டுப்பாட்டில் வரும். வாசகர் கேட்பது ஹார்லெக்வின் என்ற பெயரை, கொண்டுவந்து வைப்பவரின் பெயரை அல்ல. பெயர் நம்மிடம் இருக்கும்போது சுமந்து வருபவருக்கு ஏன் பங்கு? இந்தத் துறையில் இருக்கும் எவரும் ஒருமுறையாவது இப்படி நினைத்திருப்பார்.

கணக்கில் வராதது ஒன்று. பல ஆண்டுகள் அந்த விநியோகஸ்தர் இந்த நாவல்களைக் கடை கடையாகக் கொண்டுபோயிருக்கிறார். எந்த ஊரில் எந்த வரிசை எத்தனை நாளில் தீர்கிறது, கடைக்காரர் என்ன முனகுகிறார், வாசகி எதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் அவர்களுடைய விற்பனையாளர்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அவர்களிடம் ஒரு பெரிய விற்பனைப் படை இருக்கிறது, கையில் விற்க நாவல் இல்லை. ஹார்லெக்வின் திருப்பி அனுப்பிய எழுத்தாளர்களிடம் கைப்பிரதி இருக்கிறது, பதிப்பகம் இல்லை. இந்த இரண்டு தரப்பும் சந்தித்துக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை.

போட்டி வரிசை

1980 மே மாதம் சைமன் அண்ட் ஷூஸ்டர் சிலுவெட் என்ற பெயரில் காதல் நாவல் வரிசையைத் தொடங்கியது. சூத்திரம் அதே: மாதாந்திர வெளியீடு, வரிசை எண், சீரான அளவு, தொலைக்காட்சி விளம்பரம். முதல் எண்ணை எழுதியவர், 1973இல் ஹார்லெக்வின் பிரசெண்ட்ஸைத் தொடங்கி வைத்த மூன்று பிரித்தானிய எழுத்தாளர்களில் ஒருவர். டிரெய்லர் வண்டி எழுத்தாளரும் அங்கே போனார். மேரிலாந்துப் பெண்ணின் முதல் நாவல் 1981இல் சிலுவெட்டில் வந்தது. பின்னாளில் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற எழுத்தாளர் அவர்.

எழுத்தாளர்கள் இவ்வளவு எளிதாக இடம் மாறியதற்கு ஹார்லெக்வினின் விற்பனை முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாசகருக்கு வரிசையின் பெயர்தான் முக்கியம் என்று பத்தாண்டு பழக்கிய நிறுவனம், எழுத்தாளருக்கும் அதையே பழக்கிவிட்டது. தன் பெயர் அட்டையின் மூலையில் சின்னதாக இருக்கும் இடத்தில் கட்டுப்பட்டுக் கிடக்க எழுத்தாளருக்கு என்ன இருக்கிறது?

அட்டை குறித்த வழக்கு

சிலுவெட்டின் முதல் அட்டைகள் ஹார்லெக்வின் பிரசெண்ட்ஸ் அட்டைகளைப் பெரிதும் ஒத்திருந்தன. வெள்ளைப் பின்னணியிலிருந்து வடிவமைப்புவரை கடை அலமாரியில் பார்ப்பவர் குழம்பும் அளவுக்கு ஒற்றுமை. ஹார்லெக்வின் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அட்டை மாறியது.

வழக்கில் ஜெயித்தார்கள். அந்தத் தடையால் கதையின் களத்தையோ நாயகியின் வேலையையோ நாயகனின் ஊரையோ திரும்பப் பெற முடியவில்லை. வாசகியை இழுத்தவை அவைதான்.

1980 முதல் 1984 வரை

போட்டி சிலுவெட்டோடு நிற்கவில்லை. டெல் நிறுவனம் 1980 இறுதியில் கேண்டில்லைட் எக்ஸ்டசி என்ற வரிசையை இறக்கியது. வேலைக்குப் போகும், வயதில் சற்று மூத்த அமெரிக்க நாயகிகள். இதன் பின்னால் இருந்த கறுப்பினப் பெண் ஆசிரியர், அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர்களிலும் ஒருவர். ஜோவ் நிறுவனம் 1981இல் இரண்டாவது வாய்ப்புக் காதல்களுக்கென்றே ஒரு வரிசை கொண்டுவந்தது. பாண்டம் 1982இல் ஒன்றைத் தொடங்கிச் சீக்கிரமே கைவிட்டு, மறு ஆண்டு வேறு பெயரில் வந்தது. சிலுவெட்டே டிசயர், ஸ்பெஷல் எடிஷன் என்று கிளை விட்டது.

ஹார்லெக்வின் சும்மா இருக்கவில்லை. 1980இல் சூப்பர்ரொமான்ஸ் என்ற நீண்ட நாவல் வரிசை. 1983இல் அமெரிக்கன் ரொமான்ஸ். இதைத் தொடங்க டெல் நிறுவனத்திலிருந்து அந்த ஆசிரியரையே வரவழைத்தது. 1984இல் டெம்ப்டேஷன், இண்ட்ரீக். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு சோதனை வரிசையாகத் தொடங்கியிருக்க வேண்டியதை, இப்போது அவசரத்தில் பல வரிசைகளாக, பல மடங்கு செலவில் செய்ய வேண்டி வந்தது.

அலமாரி நீளவில்லை, தலைப்புகள் மட்டும் பெருகின. விற்காத பிரதிகள் திரும்பி வரத் தொடங்கின. அமெரிக்க மலிவுப் பதிப்பில் ரிட்டர்ன் என்பது இரக்கமில்லாத ஏற்பாடு. கடைக்காரர் அட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் திரும்பிவிடும், புத்தகம் கூழுக்குப் போகும். தனி ராஜ்யமாக இருந்த நாளில் கால் பங்குக்குள் இருந்த ஹார்லெக்வினின் ரிட்டர்ன் இப்போது பாதியைத் தாண்டியது. இங்கே ஏஜெண்டிடமிருந்து கட்டு கட்டாகத் திரும்பி வரும் பழைய மாத நாவலைப் பார்த்தவர்களுக்கு அந்த அலுவலகத்தின் மனநிலை புரியும்.

சிலுவெட்டும் சுகமாக இல்லை. விளம்பரச் செலவு இருபுறமும் ஏறிக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் வீழ்த்தும் அளவுக்கு யாருக்கும் பலம் இல்லை.

1984

1984இல் ஹார்லெக்வின் சிலுவெட்டை வாங்கியது. உடன்பாட்டின் இன்னொரு பாதிதான் என் கவனத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் ஹார்லெக்வின் நாவல்களின் விநியோகம் மீண்டும் சைமன் அண்ட் ஷூஸ்டரிடமே போனது. எந்தப் பங்கை மிச்சப்படுத்த ஒப்பந்தத்தை முறித்தார்களோ, அந்தப் பங்கை மறுபடி கொடுக்கச் சம்மதித்து, கூடவே ஒரு பதிப்பகத்துக்கு விலையும் கொடுத்தார்கள்.

வாங்கியபின் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். சிலுவெட் ஆசிரியர் குழுவை டொராண்டோவோடு கலைத்துச் சேர்க்கவில்லை. நியூயார்க்கில் தனி அலுவலகமாக, தன் கதைகளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையோடு விட்டார்கள். கடைக்காரருக்கு ஒரே நிறுவனம், எழுத்தாளருக்கு இரண்டு கதவுகள். ஒரு கதவில் திரும்பி அனுப்பப்பட்ட கைப்பிரதி இன்னொன்றில் தட்டிப் பார்க்கலாம். லண்டன், டொராண்டோ, நியூயார்க் என மூன்று ருசிகள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், ஒரு ருசி தவறினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

எதை மாற்றியிருக்கலாம்

விநியோகஸ்தரை விலக்கியதே தவறு என்று இந்த நிகழ்வை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுச் சரி என்று படவில்லை. வளர்ந்த பதிப்பகம் சொந்த விநியோகம் தேடுவது இயல்பு. எழுத்தாளர்களைத் திருப்பி அனுப்பியதும் விநியோகஸ்தரை விலக்கியதும் ஒரே காலத்தில் நடந்ததுதான் கேடு. தனித்தனியே நடந்திருந்தால் இரண்டையும் தாங்கியிருக்கலாம். எழுத்தாளர் இல்லாத விற்பனைப் படையால் காதல் நாவல் வரிசை தொடங்க முடியாது; படை இல்லாத எழுத்தாளராலும் முடியாது.

ஆகவே எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு மாறியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தை முடிக்கும் யோசனை எழுந்ததுமே முதல் வேலை, வெளியே நிற்கும் அமெரிக்க எழுத்தாளர்களை உள்ளே கொண்டுவருவது. திரும்பிப்போன கைப்பிரதிகளில் ஆறேழைத் தேர்ந்து, இரண்டு மூன்று மாநிலங்களில் மட்டும் தனி வரிசையாக இறக்கியிருந்தால் போதும். நிறுவனர் முன்பு செய்தது போல, இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம் வைத்து எது முதலில் தீர்கிறது என்று பார்ப்பது. செலவு, பின்னால் செய்த விளம்பரத்தில் ஒரு துளிகூட வந்திருக்காது.

இரண்டாவது, விலக்குவதற்கு முன் அந்த விற்பனையாளர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அறிந்ததில் பெரும்பகுதி எந்த அறிக்கையிலும் வராது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது டீ குடித்தபடி சொல்லுவார்கள், முறிந்தபின் தங்கள் முதலாளிக்குத்தான் சொல்லுவார்கள்.

மூன்றாவது எழுத்தாளர் பற்றியது, இதில் எனக்கே தயக்கம் உண்டு. வரிசையின் பெயரை விற்பதுதான் ஹார்லெக்வினை வளர்த்தது. எழுத்தாளர் பெயரைப் பெரிதாக்கினால் அவர் கூடுதல் பணம் கேட்பார், தனி நூலுக்குப் போய்விடுவார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் சிறிதாக வைத்தவர்களும் போய்விட்டார்கள். வரிசையைத் தொடங்கி வைத்த மூவருக்காவது வேறு மாதிரி மரியாதை இருந்திருக்கலாம்.

பின்னர்

1981இலேயே மீதிப் பங்குகளையும் வாங்கி முழு உரிமையாளராகியிருந்த டோர்ஸ்டார், 2014இல் ஹார்லெக்வினை 45.5 கோடி கனடா டாலருக்கு நியூஸ் கார்ப் ஊடக நிறுவனத்திடம் விற்றது. இப்போது அது நியூஸ் கார்ப்பின் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தின் பகுதி. சிலுவெட் என்ற பெயர் 2011இல் அட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த வரிசைகள் ஹார்லெக்வின் பெயரில் வரத் தொடங்கின. 1984க்குப் பிறகும் மேரிலாந்து எழுத்தாளர் பல ஆண்டுகள் சிலுவெட்டுக்கு எழுதினார். அந்த நாவல்களின் உரிமைத்தொகை அவருக்குப் போனது, லாபம் முன்பு அவர் கதையைத் திருப்பி அனுப்பிய நிறுவனத்துக்குப் போனது.